‘புரிந்துகொண்டேன்’: மருத்துவ ஆராய்ச்சி ஒப்புதற் படிவங்களின் தமிழ் உரைநடை – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நடைபெறும் ஆராய்ச்சிகளில் நோயாளரைச் சேர்க்கும் முன் அவர் கையில் தரப்படும் தகவல் தாளையும் ஒப்புதற் படிவத்தையும் ஓர் உரைநடை வகைமையாகக் கொண்டு இக்கட்டுரை நோக்குகிறது. இப்படிவங்கள் விளங்காமைக்குக் கடுஞ்சொற்களே காரணம் எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. அது போதாத விளக்கம். எளிய சொற்கள் பலவும் மருத்துவமனையில் முன்னரே சிகிச்சைக்கு உரியனவாகிவிட்டன என்பதும், நோயாளரைப் ‘புரிந்துகொண்டேன்’ என்று கூறவைக்கும் படிவம் மருத்துவரைத் ‘தெரியாது’ என்று கூறவிடுவதில்லை என்பதும் அதனினும் பெரிய குறைகள் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: ஒப்புதற் படிவம், மருத்துவத் தமிழ், மீள்மொழிபெயர்ப்பு, நான்காம் வேற்றுமை, சமவாய்ப்பு, மருந்துப்போலி.

முன்னுரை

ஆண்டுதோறும் பெருமளவில் அச்சாகியும் தமிழ்த் திறனாய்வின் பார்வைக்குப் பெரிதும் வராத உரைநடை ஒன்று உண்டு. மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேடு எழுத வேண்டும். அவ்வாய்வு நோயாளரைப் பற்றியதாயின் அவரிடம் எழுத்து வடிவில் இசைவு பெற வேண்டும். எனவே பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு, குழந்தை மருத்துவம், மனநலம், மயக்கவியல் எனத் துறைதோறும் தமிழ்ப் படிவங்கள் பிறந்துகொண்டே இருக்கின்றன. மருந்து நிறுவனங்கள் நடத்தும் ஆராய்ச்சிகளின் படிவங்கள் இவற்றுக்கு மேல். முன்னவை பெரும்பாலும் முந்தைய ஆண்டு மாணவரின் படிவத்தில் தலைப்பை மட்டும் மாற்றியவை; பின்னவை ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை. இரண்டின் தமிழும் ஏறத்தாழ ஒன்றே என்பது வியப்புக்குரியது.

நிறுவன அறநெறிக் குழு ஒன்றில் பொதுநிலை உறுப்பினராக இருந்த காலத்தில் இத்தகைய படிவங்களை வரிவரியாகப் படிக்க நேர்ந்தது. அங்குப் படித்தவற்றை வெளியிடுவது முறையன்று. ஆகவே இக்கட்டுரையில் காட்டப்படும் தொடர்கள் எந்த மருத்துவமனையின் படிவத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. வகைமாதிரிகளாக நான் அமைத்துக்கொண்டவை. சட்டம் வகுத்துள்ள படிவ அமைப்பு மட்டும் பொதுவெளியில் உள்ளது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆராய்ச்சி விதிகளின் மூன்றாம் அட்டவணை அதனைத் தருகிறது. அதற்கு முன் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் விதிகளின் ‘ஒய்’ அட்டவணையில் அது இடம்பெற்றிருந்தது. கட்டுரையின் பிற்பகுதி அவ்வமைப்பையே மூலபாடமாகக் கொள்கிறது.

பெயர்ச்சொற்களின் மரபு

மருத்துவத் தமிழ் என்றதும் ஆய்வுலகம் கலைச்சொல்லையே நினைக்கிறது. அதற்கு வலுவான வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தினார். ‘இரணவைத்தியம்’ (1867), ‘கெமிஸ்தம்’ (1875) முதலிய நூல்கள் தமிழில் வெளிவரக் காரணமானார். அவருடைய சொல்லாக்க நெறி பற்றி நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. ஆயினும் கிறீனின் தமிழ் யாரை நோக்கிப் பேசியது என்பதை நாம் அழுத்திக் கேட்டதில்லை. அது மாணவனை, அதாவது நாளைய மருத்துவனை, நோக்கியது. உறுப்புக்கும் நோய்க்கும் கருவிக்கும் பெயர் வேண்டும் என்பது அவனுடைய தேவை. அதன்பின் வந்த கலைச்சொல் முயற்சிகளும் பெரும்பாலும் அவ்வழியே சென்றன.

நோயாளரின் தேவை வேறு. தமக்கு என்ன செய்யப்போகிறார்கள், யார் செய்யப்போகிறார்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பனவே அவர் கேட்பவை. இவை வினைச்சொற்களால் விடை பெறும் கேள்விகள். பெயர்ச்சொல் தேடிக் களைத்த நமது மரபு அவ்வினைகளைச் செயப்பாட்டு வினையில் விட்டுவிட்டது. ‘மருந்து வழங்கப்படும்’, ‘இரத்தம் சேகரிக்கப்படும்’, ‘தகவல்கள் பாதுகாக்கப்படும்’, ‘இழப்பீடு வழங்கப்படும்’ என்று படிவம் ஓடுகிறது. இவற்றுள் கடைசித் தொடர் கவலைக்குரியது. ஆராய்ச்சியால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு தர வேண்டியவர் யார் என்பதில் விதிகளுக்கு ஐயமில்லை. ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்ற நிறுவனமே தர வேண்டும். தமிழ்த் தொடரிலோ அந்நிறுவனம் மறைந்துவிடுகிறது. படிப்பவர் எவ்வாசலில் போய் நிற்பது?

பரிசோதனை என்னும் சொல்

1982இல் பால் அப்பல்பாமும் உடன் ஆய்வாளர்களும் மனநல ஆராய்ச்சிகளில் பங்கேற்ற நோயாளரிடம் ஒரு பிழையுணர்வைக் கண்டு அதற்குப் பெயரிட்டனர். ஆராய்ச்சியில் தமக்குச் செய்யப்படுவன யாவும் தம் நலம் கருதி மருத்துவர் தேர்ந்தவையே என நோயாளர் நம்பிவிடுதல் அது. இலக்கணத்தில் திணை மயக்கம், வேற்றுமை மயக்கம் என்பதுபோல இதனைச் சிகிச்சை மயக்கம் எனலாம். (நம் வட்டத்துக்குள் மட்டும். மருத்துவமனையில் ‘மயக்கம்’ என்றால் ஊசி நினைவுக்கு வரும்.) அம்மயக்கத்தை நோயாளரின் மனநிலையாக அவர்கள் விளக்கினர். தமிழ்ப் படிவத்தைப் பொறுத்தவரை அது சொல்லிலேயே அமைந்துகிடக்கிறது என்பது என் கருத்து.

‘பரிசோதனை’ என்னும் சொல்லைப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை, முழு உடல் பரிசோதனை என்று வழங்கும் தமிழில், பரிசோதனை என்பது நோயாளரின் பொருட்டு மருத்துவர் செய்வது. ‘டாக்டர் நன்றாகப் பரிசோதித்தார்’ என்பது பாராட்டு. அதே சொல்லைப் புதிய மருந்தின் ஆராய்ச்சிக்குப் பெயராக்கி, ‘இம்மருத்துவப் பரிசோதனையில் தாங்கள் பங்கேற்க அழைக்கப்படுகிறீர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன கொள்வார்? தம்மைப் பரிசோதிக்கப்போகிறார்கள் என்றே கொள்வார். சோதிக்கப்படுவது மருந்து என்பது அத்தொடரில் எங்கும் இல்லை. ‘ஆய்வு’ என்பதும் அவ்வளவு காப்பானது அன்று. இரத்தம் கொடுக்கும் இடம் ‘ஆய்வகம்’ எனப் பலகையில் எழுதப்பட்டிருக்கிறது.

‘சோதனை’ என்ற சொல் இருக்கிறதே எனலாம். படிவம் எழுதுவோர் அதனைத் தவிர்ப்பதற்கான காரணம் வெளிப்படை. ‘சோதனை எலி’ என்ற வழக்கு எல்லோர் நாவிலும் உள்ளது. சோதனை என்றால் துன்பம் என்றும் பொருள். அச்சொல்லைக் கேட்டால் நோயாளர் எழுந்து போய்விடுவார் என்ற அச்சம். பொருளைச் சரியாகத் தரும் சொல்லை, அது சரியாகத் தருகிறது என்பதற்காகவே ஒதுக்கும் மொழிபெயர்ப்பு இது. ‘ஆராய்ச்சி’ என்ற சொல் இடைவழியாக உதவும். மருத்துவமனையின் அன்றாடப் பேச்சில் அதற்கு வேறு பொருள் ஏறவில்லை. ஆனால் அதனைத் தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டு உள்ளே ‘சிகிச்சை’, ‘பரிசோதனை’ என்று தொடர்வதில் பயனில்லை.

‘நான்’ என்று பேசுபவர் யார்?

தகவல் தாள் ‘நீங்கள்’ என்று பேசுகிறது. பக்கம் புரட்டினால் ஒப்புதற் படிவம் ‘நான்’ என்று தொடங்குகிறது. எழுதியவர் ஒருவரே. தன்னை விளித்தவரின் வாயாகவே அடுத்த பக்கத்தில் அவர் பேசத் தொடங்கும் இம்மாற்றத்தைப் புனைகதையில் கண்டால் நாம் உடனே குறித்திருப்போம்.

மூன்றாம் அட்டவணையின் படிவத்தில் நோயாளர் கூற்றாக ஐந்து உறுதிமொழிகள் உள்ளன. தகவல் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன், கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தது என்பது முதலாவது. பங்கேற்பு என் விருப்பம், எப்போதும் காரணம் கூறாமல் விலகலாம் என்பது இரண்டாவது. நிறுவனமும் அறநெறிக் குழுவும் அரசின் ஒழுங்குமுறை அமைப்பும் என் மருத்துவப் பதிவேடுகளைப் பார்க்க என் அனுமதி தேவையில்லை என்பது மூன்றாவது. முடிவுகளின் பயன்பாட்டைத் தடுக்கமாட்டேன் என்பது நான்காவது. சேர ஒப்புகிறேன் என்பது ஐந்தாவது. இவற்றுள் முதல் மூன்றும் ‘புரிதல்’ என்னும் வினையைத் தாங்கி நிற்கின்றன. அவ்வினை தமிழில் எப்படி இயங்குகிறது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

மருத்துவமனைக்குள் நுழையும் நோயாளர் பேசும் தமிழ் பெரும்பாலும் நான்காம் வேற்றுமைத் தமிழ். எனக்கு வலிக்கிறது. எனக்கு மூச்சு வாங்குகிறது. எனக்குப் பசியில்லை. உடலுக்கு நேர்வதை நேர்வதாகவே கூறும் இவ்வமைப்பில் ‘நான்’ எழுவாயாக வந்து நிற்பதில்லை. அறிதல் வினைகளும் அவ்வாறே: எனக்குத் தெரியும், எனக்குப் புரிகிறது, எனக்குப் பிடிபடவில்லை. புரிதல் ஒருவருக்கு நேர்வது, நேராமலும் போவது. நேராவிட்டால் விளக்கியவர் சரியாக விளக்கவில்லை என்று சொல்ல இவ்வமைப்பில் இடமிருக்கிறது. ‘அவர் சொன்னது எனக்குப் புரியவில்லை’ என்பதில் குறை யாருடையது என்பது திறந்தே இருக்கிறது.

படிவம் இதனை ‘நான் புரிந்துகொண்டேன்’ என மாற்றுகிறது. ‘கொள்’ என்னும் துணைவினை சேர்ந்தவுடன் புரிதல் ஒரு செயலாகிறது. செய்தவர் நோயாளர் ஆகிறார். பின்னாளில் ஐயம் எழுந்தால் ‘புரிந்துகொண்டேன் என்று எழுதிக் கொடுத்தீர்களே’ என்று அவரிடமே திருப்பிக் கேட்கலாம். சில மொழிபெயர்ப்புகள் இன்னும் ஒரு படி சென்று ‘நான் புரிந்துகொள்கிறேன்’ என எழுதுகின்றன. ஆங்கிலத்து நிகழ்கால வினையை அப்படியே நிகழ்காலத்தில் வைத்ததன் விளைவு இது. தமிழில் அத்தொடருக்கு ‘உங்கள் நிலைமையை உணர்கிறேன்’ என்ற இணக்கப் பொருளே முந்துகிறது. நோயாளர் மருத்துவமனையின் சங்கடத்தைப் புரிந்துகொள்வதாக அது ஒலிப்பது எழுதியவர் எதிர்பாராத நகைச்சுவை.

மூன்றாம் உறுதிமொழியின் தொடரமைப்பு வேறொரு சிக்கல். பதிவேடுகளைப் பார்ப்போர் யார் யார், எவ்வாராய்ச்சிக்காக, விலகிய பின்னும் எப்படி என்பனவெல்லாம் ஒரே தொடரில் அடுக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் ‘தேவையில்லை’ என்னும் மறுப்பு முன்னரே வந்துவிடும். தமிழில் அது தொடரின் கடைசிச் சொல். படித்துக்காட்டக் கேட்கும் ஒருவர் நாற்பது சொற்களை மனத்தில் தாங்கிக்கொண்டு, அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதை அறியக் காத்திருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. செவிக்காக எழுதப்படாத தொடரைச் செவிக்குக் கொடுக்கிறோம். இத்தொடரை நான்காக உடைப்பதற்கு எச்சட்டமும் தடையில்லை.

ஒவ்வோர் உறுதிமொழிக்கும் எதிரே ஒரு கட்டம் உண்டு. அதில் சுருக்கொப்பம் இட வேண்டும். ‘இனிஷியல் போடுங்கள்’ என்று ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார். தமிழ்நாட்டில் இனிஷியல் என்றால் தந்தை பெயரின் முதலெழுத்து. தம் இசைவின் அடையாளமாகத் தந்தையின் எழுத்தை ஐந்து முறை எழுதிக்கொடுக்கும் நோயாளர் தவறொன்றும் செய்துவிடவில்லை.

பூவா தலையா

ஆராய்ச்சியில் எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவர் தேர்வதில்லை. சமவாய்ப்பு முறையில் ஒதுக்குகிறார்கள். ஒவ்வொரு மருந்தும் கிடைப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதைத் தகவல் தாளில் கூற வேண்டும் என்பது விதி. ‘சமவாய்ப்பு’ நல்ல கலைச்சொல். பள்ளிக் கணிதத்தில் படித்தவருக்கு விளங்கும். இலங்கை வழக்கில் ‘எழுமாற்று’ உண்டு. மற்றவர்களுக்காக ‘நாணயத்தை மேலே தூக்கி எறிவதுபோல’ என்று படிவங்கள் விளக்க முயல்கின்றன. ‘பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல’ என்று நம் ஊரில் சொல்வதுண்டு என்பது அவற்றை எழுதியவருக்கும் தெரிந்திருக்கும்.

சீட்டுப் போடுதல் தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலை முறை ஆராய்ச்சி நெறியோடு வியக்கத்தக்க ஒப்புமை உடையது. நிலம், மனை, 35 முதல் 70 வரையிலான வயது எனத் தகுதிகளை முதலில் வரையறுத்து, தகுதியின்மைகளைக் களைந்து, எஞ்சியோர் பெயரைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை ஓலை எடுக்கச் செய்தார்கள். சேர்ப்பு விதிகள், நீக்க விதிகள், பின்னர் விருப்புவெறுப்பற்ற ஒதுக்கீடு. புள்ளியியல் வகுப்பில் இதனைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஆனால் ஒப்புமை இங்கேயே நிற்கிறது. மக்கள் வழக்கில் சீட்டு இன்னொரு பொருளும் உடையது. திருமணமோ நிலமோ அறுவையோ, முடிவெடுக்க முடியாதபோது கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள், திருவுளச்சீட்டு எடுப்பார்கள். அங்கே சீட்டு எடுப்பவர் அறியாதவர். ஆனால் சீட்டுக்குப் பின்னால் அறிந்தவர் ஒருவர் இருக்கிறார். விடை சரியான விடை என்பதே அதன் நம்பிக்கை. ஆராய்ச்சியில் சீட்டு எடுக்கக் காரணம் நேர்மாறானது. எது நல்லது என்பது எவருக்கும் தெரியாது, அதனால்தான் சீட்டு. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் ‘சீட்டுக் குலுக்கல் போல’ என்று மட்டும் எழுதினால், ‘எனக்கு எது ஏற்றதோ அது வந்திருக்கிறது’ என்று நோயாளர் அமைதி கொள்வார். உவமை எளிமையானது, உணர்த்தும் பொருள் தலைகீழானது.

விடுபட்ட தொடர் எது என்பது இப்போது தெளிவாகும். ‘இவ்விரண்டில் எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது.’ ஆறு சொற்கள். கலைச்சொல் ஒன்றும் இல்லை. நான் படித்த படிவங்களில் நான் தேடியும் அரிதாகவே கண்டது இத்தொடர். அதன் இடத்தில் ‘ஒப்பீட்டுத் திறனை மதிப்பிடுவதே இவ்வாய்வின் நோக்கமாகும்’ என்பது போன்ற தொடர் நிற்கும். அதில் ‘தெரியாது’ என்னும் வினையும் இல்லை, தெரியாதவரும் இல்லை.

‘எங்களுக்கு’ என்பதும் கவனிக்கத்தக்கது. தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘இம்மருந்தை நாம் முயன்று பார்ப்போம்’ என்று மருத்துவர் சொல்லும்போது நோயாளரும் முடிவெடுப்போர் கூட்டத்தில் சேர்க்கப்பட்டுவிடுகிறார். மறுப்பது தன்னையே மறுப்பதாகிறது. சிகிச்சைப் பேச்சில் ‘நாம்’ ஆறுதல் தரும். இசைவு கேட்கும் இடத்தில் ‘நாங்கள்’ என்பதே நேர்மை. கேட்பவர் ஒரு பக்கம், கேட்கப்படுபவர் மறுபக்கம் என்பதை அச்சொல் காட்டிவிடுகிறது.

‘தெரியாது’ என்று சொல்லாமை இன்று தொடங்கியதன்று. நவீன ஒப்பீட்டு ஆராய்ச்சியின் முன்மாதிரி எனப்படும் பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சி 1948இல் வெளியானது. 107 காசநோயாளர், 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். அந்த 52 பேரும் தாம் ஓர் ஆராய்ச்சியின் ஒப்பீட்டுக் குழுவினர் என்பதை மருத்துவமனையில் இருந்த காலம் முழுவதும் அறியவில்லை. அங்குச் சீட்டு இருந்தது, சொல் இல்லை. நியூரம்பெர்க் நெறி (1947) அப்போது எழுதப்பட்டிருந்தும், மருத்துவ உலகம் தனக்கென ஹெல்சிங்கி அறிக்கையை வகுத்துக்கொண்டது 1964இல்தான்.

தமிழ்நாட்டுக்கு அணுக்கமான எடுத்துக்காட்டு 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி. 193 நோயாளரைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு வீட்டிலும் மறுசாராருக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததன்று என்பதை 1959இல் வெளியான முடிவு காட்டியது. உலகின் காசநோய்க் கொள்கையே அதனால் மாறியது. அவ்வாராய்ச்சியில் நோயாளரிடம் என்ன சொன்னார்கள் என்பது இங்குப் பேச்சன்று. அதன் வினாவைப் பாருங்கள்: வீட்டில் இருந்தபடியே குணமாகுமா, சானடோரியத்துக்குப் போகத்தான் வேண்டுமா? எந்த அடுக்களையிலும் விளங்கும் வினா. மருத்துவத்தின் ஐயங்கள் தமிழில் சொல்ல முடியாதவை அல்ல.

சர்க்கரை மாத்திரை

மருந்துப்போலி பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். இலக்கண மாணவருக்குப் போலி தீங்கற்றது. முதற்போலி, கடைப்போலி என்று படித்திருப்பார். நாளிதழ் படிப்பவருக்கோ ‘போலி மருத்துவர் கைது’ என்பதே போலி. ‘உங்களுக்கு மருந்துப்போலி தரப்படலாம்’ என்பது அவருக்குக் கள்ள மருந்தாகத் தோன்றும். இதற்கு அஞ்சிச் சிலர் ‘சர்க்கரை மாத்திரை’ என எளிமைப்படுத்துகிறார்கள். நம் ஊரில் சர்க்கரை மாத்திரை என்பது நீரிழிவுக்கான மாத்திரை. நீரிழிவு ஆராய்ச்சியின் படிவத்தில் இச்சொல் வந்தால் ஒப்பீட்டுக் குழுவினர் அனைவரும் தமக்கு மருந்து கிடைப்பதாகவே நம்புவர். போலிமாத்திரைக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறவேண்டும் என்பது விதியாதலால், ‘மருந்து சேராத மாத்திரை, பார்வைக்கு மருந்து போலவே இருக்கும், நோயைக் குணமாக்காது’ என மூன்று தொடர்களில் சொல்லிவிடுவதே தகும்.

துறைதோறும் வேறுபடும் தயக்கம்

ஒரே அச்சில் வார்த்த படிவம் எல்லாத் துறைக்கும் செல்கிறது என்றேன். அது சென்று மோதும் இடங்கள் ஒன்றல்ல. அறுவைத் துறையில் நோயாளர் ஏற்கனவே ஒரு கையெழுத்திட்டிருக்கிறார். ‘எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல’ என்பதற்கான கையெழுத்து அது என்றே பொதுமக்கள் கருதுகிறார்கள். ஆராய்ச்சிப் படிவமும் அதே மேசையில், அதே பேனாவுடன் வருகிறது. கையெழுத்திட்டால்தான் அறுவை நடக்கும் என்ற எண்ணத்தை ‘விலகிக்கொள்ளலாம்’ என்னும் ஒரு தொடர் எவ்வாறு நீக்கும்? ‘ஒப்புதல்’ என்ற சொல்லும் துணை செய்யவில்லை. ஒப்புதல் வாக்குமூலம் என்பதில் அது குற்றத்தை ஏற்பதாகும். ‘சம்மதம்’ என்பது அனைவரும் வாழ்க்கையில் ஒருமுறையேனும் கேட்கப்படும் சொல். சம்மதமில்லை என்று சொல்லலாம் என்பதும் அதனுள் அடங்கியிருக்கிறது. ‘தகவலறிந்த ஒப்புதல்’ என்னும் தொடரில் தகவலை அறிந்தது ஒப்புதலா, ஒப்பியவரா என்ற ஐயத்தை நான் எழுப்பப்போவதில்லை.

புற்றுநோய்த் துறையில் நிலைமை இன்னும் கடினமானது. ‘கட்டி’ என்று மட்டும் நோயாளரிடம் கூறியிருக்கும் குடும்பங்கள் பல. பெயரைச் சொல்லிவிடாதீர்கள் என்று மருத்துவரிடம் கெஞ்சுவார்கள். ஆராய்ச்சிப் படிவத்தின் தலைப்பிலேயே நோயின் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது. நோயை அறிவிக்கும் முதல் ஆவணமாக ஒரு படிவம் அமைந்துவிடுவது எவ்வளவு கொடியது! தலைப்பைச் சுருக்கி மறைப்பது தீர்வாகாது. அறியாதவர் இசைய முடியாது. படிவத்துக்கு முன் ஓர் உரையாடல் நடந்திருக்க வேண்டும். அதனை உரைநடையால் ஈடுசெய்ய இயலாது. மகப்பேற்றுத் துறையில் வேறு தயக்கம். படிவம் பெண்ணை ‘நான்’ என்று பேசவைக்கிறது. பேனாவோ கணவனிடமோ மாமியாரிடமோ நீட்டப்படுகிறது. இலக்கணத்தின் எழுவாய் ஒருவர், கையெழுத்து மற்றொருவருடையது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சட்டமே உறவினரை ஏற்கிறது. அங்கும் படிவம் ‘நான்’, ‘என் உடல்’ என்றே அச்சாகியிருப்பதைத் திருத்த ஒரு மணி நேரம் போதும்.

மீள்மொழிபெயர்ப்பின் விளைவு

இக்குறைகளை மொழிபெயர்ப்பாளரின் அறியாமை என்று கூறிவிடுவது எளிது, நியாயமன்று. நிறுவன ஆராய்ச்சிகளின் தமிழ்ப் படிவம் சரியா என்பதைப் பார்க்க அதனை வேறொருவர் ஆங்கிலத்திற்குத் திருப்பிப் பெயர்க்கிறார். மூல ஆங்கிலமும் திருப்பிய ஆங்கிலமும் ஒத்திருந்தால் தமிழ் சரி எனச் சான்று கிடைக்கிறது. இச்சோதனையில் எத்தகைய தமிழ் வெல்லும்? சொல்லுக்குச் சொல் வைத்த தமிழே வெல்லும். ‘நான் புரிந்துகொள்கிறேன்’ என்பது பழுதின்றி ஆங்கிலமாகத் திரும்பும். ‘எனக்கு விளங்கிற்று’ என்பது காலம் மாறியதாகக் குறிக்கப்படும். ‘பூவா தலையா’ திருப்பி அனுப்பப்படும். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்கி, ‘இழப்பீட்டை இந்நிறுவனம் தரும்’ என எழுதியவர் மூலத்தில் இல்லாததைச் சேர்த்ததாகக் குற்றம் சுமப்பார். நல்ல தமிழைத் தண்டித்து, ஆங்கிலத்தின் நிழலைப் பாராட்டும் முறை இது. நோயாளருக்கு விளங்குகிறதா என்பதை அதில் எவரும் கேட்பதே இல்லை.

அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் வேண்டும், பாதிப்பேர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், பொதுநிலை உறுப்பினரும் சட்டம் அறிந்தவரும் பெண் உறுப்பினரும் இருக்க வேண்டும் என்றெல்லாம் 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மொழி அறிந்தவர் வேண்டும் என்று கூறவில்லை. நோயாளருக்கு விளங்கும் எளிய மொழியில் எழுதுக என்று மட்டும் ஆணையிட்டு, விளங்குகிறதா என்று பார்க்கும் பொறுப்பை எவரிடமும் ஒப்படைக்காமல் விட்டுவிட்டன. தமிழ்த்துறைகளும் அவ்விடத்தைத் தமக்குரியதாகக் கேட்டதில்லை.

ஒரு மாற்று வடிவம்

குறை கூறுவதோடு நிற்பது திறனாய்வாளருக்கு எளிது. ஆகவே இரு மருந்துகளை ஒப்பிடும் ஆராய்ச்சிக்கு, செவிக்கேற்ற ஒரு பகுதியை இங்கு எழுதிக் காட்டுகிறேன்:

‘இது ஓர் ஆராய்ச்சி. உங்கள் நோய்க்கு இப்போது ஒரு மருந்து கொடுத்துவருகிறோம். புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது. இந்த இரண்டில் எது நல்லது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சி செய்கிறோம். உங்களுக்கு எந்த மருந்து என்பதை உங்கள் டாக்டர் முடிவுசெய்யமாட்டார். பூவா தலையா போடுவதுபோல் கணினி முடிவுசெய்யும். புதிய மருந்து உங்களுக்குப் பயன்படாமலும் போகலாம். சேர விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள். வழக்கமான மருந்தை இதே டாக்டர் தொடர்ந்து கொடுப்பார். இதுவரை கேட்டதில் உங்களுக்கு என்ன விளங்கியது என்று உங்கள் சொல்லில் சொல்லுங்கள்.’

இதனை மருத்துவ நண்பர்களிடம் காட்டியபோது மறுப்பு உடனே வந்தது. ‘தெரியாது என்று சொன்னால் யார் சேருவார்கள்? தெரிந்த டாக்டரைத் தேடிப் போய்விடுவார்கள்.’ இம்மறுப்பைத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கிப் பேருந்து ஏறி வந்த ஒருவருக்குப் பெரிய மருத்துவமனையின் முதல் மதிப்பே அங்கிருப்போருக்குத் தெரியும் என்பதுதான். அவரிடம் தெரியாது என்பதைச் சொல்வதற்குச் சொல் மட்டும் போதாது. நேரமும் குரலும் வேண்டும். எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் புதிய மூலக்கூறு மருந்தின் ஆராய்ச்சியில் சேரும்போது இசைவு பெறும் நிகழ்வை ஒலி–ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்னும் விதி அக்குரலைக் காப்பதற்காக வந்ததே. இருப்பினும் அம்மறுப்பு ஒன்றை ஒப்புக்கொள்கிறது என்பதையும் குறிக்க வேண்டும்: இப்போது சேர்பவருள் ஒரு பகுதியினர் மருத்துவருக்குத் தெரியும் என்று எண்ணியே சேர்கிறார்கள். அவர்கள் இட்ட கையொப்பம் எதற்கானது?

படிவத்தின் கடைசிப் பகுதிக்கு வருவோம். நோயாளரின் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, தேதி, பெயர். அதன்கீழ் ஆராய்ச்சி மருத்துவரின் கையொப்பம், தேதி, பெயர். அதன்கீழ் சாட்சி. நோயாளர் ஐந்து உறுதிமொழிகளைத் தன்மையிடத்தில் கூறி, ஒவ்வொன்றுக்கும் கட்டத்தில் ஒப்பமிட்டு, பின்னரே கையெழுத்திடுகிறார். ஆராய்ச்சி மருத்துவர் கூறுவதாக அட்டவணையின் படிவத்தில் ஒரு தொடரும் இல்லை. கையொப்பக் கோடு மட்டுமே உண்டு. எதை உறுதிசெய்து அவர் ஒப்பமிடுகிறார் என்பது எழுதப்படவில்லை. அக்கோட்டுக்கு மேல் ஒரு வரிக்கு இடமிருக்கிறது. ‘எந்த மருந்து நல்லது என்று எனக்குத் தெரியாது என்பதை இவரிடம் சொன்னேன்’ என்று அங்கே அச்சிடலாம்.